கத்தியில் பூத்த பூ

எலக்ட்ரீஷியன் இருதயராஜின் கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதன் எஃகு அலகில் ஆற்றுநீர் நெளிவதுபோல வரிவரியாக அலைகள் ஓடும். அதில் கத்திக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஒருநாள் அவர் மாங்காய் நறுக்கிவிட்டு, துடைக்காமலே அதை மடக்கிப் பையில் போட்டார். மறுநாள் அலைகளுக்கு நடுவே செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

"உன் ஆத்துல தாமரை பூத்திருக்கே" என்றது பக்கத்தில் கிடந்த சாவி.

"அது துரு" என்றது கைக்குட்டை. "இன்னைக்கு மடக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடி. என்னன்னு பார்ப்பார். துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்னா சரியாயிடும்."

யார் சொல்வதை நம்புவதென்று கத்திக்குத் தெரியவில்லை. பூ என்றால் இழக்க மனசில்லை. துரு என்றால் விட்டுவைக்கப் பயமாக இருந்தது. அந்தக் குழப்பத்தோடேயே அன்றும் சத்தமில்லாமல் மடங்கிக்கொண்டது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான்.

மழைக்காலம் முடிவதற்குள் பூ அலகு முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒருநாள் கத்தி திறக்கவே இல்லை. இருதயராஜ் பதறிப்போய் நெம்பித் திறந்து, உப்புத்தாளால் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தார். துரு போனது. கூடவே அலைகளும் போயின. எண்ணெய் விட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

சாவி மரியாதையாக நகர்ந்து இடம் விட்டது.

"வாங்க, புதுசா வந்திருக்கீங்களா? இங்க ஒரு கத்தி இருந்துச்சே, பார்த்தீங்களா?"

கத்தி தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டது. நான்தான் அது என்று சொல்வதா, பார்க்கவில்லை என்று சொல்வதா, அதற்குத் தெரியவில்லை.