பல் டாக்டர்

"மனசு டாக்டர்கிட்ட போறது வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் இவளக் கட்டுவான்?" என்று சிவகாமியின் புருஷன் போட்ட சத்தம் காம்பவுண்டில் இருந்த அத்தனை வீட்டுக்கும் கேட்டது. "ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பாக்கேளோ? பள்ளிக்கூட வாசலப் பாத்தாலே வாந்தி எடுக்கா" என்று அவளும் விடவில்லை. கடைசியில், பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிக்கொள்வது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி மகளைக் கூட்டிப்போய் வந்தாள். சண்டையைக் காது குளிரக் கேட்டிருந்த காம்பவுண்டும் பல்லைப் பற்றியே விசாரித்தது. எதிர்வீட்டுப் பாப்பாத்தி ஒருபடி மேலே போய், பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "முத்து மாதிரில்லா இருக்கு, இதுக்கா டாக்டரு?" என்பாள். சிவகாமி மகளை இழுத்துக்கொண்டு படியேறிவிடுவாள்.

ஆடி கழிந்து ஒருநாள், பள்ளி வாசலில் மகள் தானாகவே கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். நீட்டிய கையை மடக்கக்கூட அசதியாகி, சிவகாமி அப்படியே நின்றாள்.

அன்று சாயங்காலம் பாப்பாத்தி கதவோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "யக்கா, அந்தப் பல் டாக்டரு எங்க இருக்காரு? எம்மவளும் ரெண்டு மாசமா உறங்க மாட்டேங்கா."

சிவகாமி வழி சொன்னாள். அந்தப் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் பாப்பாத்தி வீட்டைக் காலிசெய்து அந்த டாக்டர் இருக்கும் தெருவுக்கே குடிபோனாள். அங்கே காய்கறி மலிவாம். காம்பவுண்டும் நம்பியதுபோலத் தலையாட்டியது.