கடிபட்டவனைச் சுட வேண்டும்

அபாயச் சங்கு அலறியது. தொலைக்காட்சித் திரையில் ஜாம்பிகள் வேலியை உடைத்துக்கொண்டு வந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆன்றோவும் கதிரேசனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆன்றோ வெளிநாடு திரும்புகிறான். சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை.

கல்லூரி விடுதியில் இதே விளையாட்டின் பழைய பதிப்பைத்தான் விளையாடுவார்கள். கூட்டாளி கடிபட்டால் அவனும் ஜாம்பியாகிவிடுவான். அதற்குள் அவனைச் சுட்டால்தான் அடுத்த கட்டம். கதிரேசன் கடிபடும்போதெல்லாம் ஆன்றோ துப்பாக்கியை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். அவனும் கடிபட்டுச் சாவான்.

"புருஷன் பொண்டாட்டிகூட இப்படிச் சேர்ந்து சாகமாட்டாங்கடா" என்று அறை நண்பர்கள் ஓட்டுவார்கள். இருவரும் கூடவே சிரிப்பார்கள்.

இந்தப் புதுப் பதிப்பில் இரண்டு வீரர்களும் காதலர்கள். கதிரேசனின் வீரன் கடிபட்டுச் சாய்ந்தான். திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றின. ஒன்று சுடுவதற்கு, மற்றொன்று முத்தமிடுவதற்கு. கையிலிருந்த கன்ட்ரோலரில் ஆன்றோவின் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"இப்பவும் சுட மாட்டியாடா?" என்றான் கதிரேசன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப இந்த ரெண்டாவது பட்டன் இல்லடா."