ஆளுக்குப் பாதி

சினைப்பை நீர்க்கட்டி உள்ள அறுபது பெண்களுக்கு ரத்தச் சர்க்கரை குறையுமா என்று ஆய்வு. பாதிப் பேருக்கு மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஐந்து வருட உழைப்பு. இன்றுதான் அந்த விவரம் இருந்த உறையைப் பிரித்தார்.

“சர்க்கரை நல்லா இறங்கியிருக்கும்மா. ஆனா நீங்க சாப்பிட்டது மொத்தமும் மாவு!”

“அது எப்படி டாக்டர் மொத்தமும் மாவா இருக்கும்?” என்றாள் எதிரே இருந்தவள். “நானும் என் நாத்தனாரும் ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோமே. ஒருத்திக்கு மட்டும் மாவுன்னா பாவமில்லையா?”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “போகட்டும், உங்க ரெண்டு பேரை மட்டும் ஆய்வுலேருந்து எடுத்துடறேன்.”

“ரெண்டு பேரா? மாசாமாசம் மாத்திரை வாங்கின கையோட, அறுபது பேரும் உங்க வாசல் பெஞ்சுல உட்கார்ந்துதானே கலந்து பிரிச்சுக்கிட்டோம்!”