சத்தமில்லாத விமானம்

“ரிமோட் விமானம் புதுசாப் பழகுறீங்களா? எலெக்ட்ரிக் வாங்குங்க சார். நைட்ரோ எரிபொருள்ல ஓடுறதுன்னா சத்தம், புகை, விளக்கெண்ணெய் வாடை” என்றார் மதுரைக் கடைக்காரர்.

“வாடை பழகிருச்சுண்ணே. ஞாயித்துக்கிழமையானா எம் பொண்டாட்டி தலையில அதே வாடைதான். சத்தம்தான் ஆகாது. அவளுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்!” என்றான் ஆஸ்டின்.

ஞாயிறன்று மனைவி சுஜிதா பாட்டுப் பயிற்சி என்று சர்ச்சுக்குக் கிளம்பியதும், வறண்டு கிடந்த திருச்சுழிக் கண்மாய்க்கு ஓடினான். விமானம் ஜிவ்வென்று ஏறியது. அவன் கரம்பை மண்ணில் குதித்துக் குதித்து ஆடினான்.

திடீரென்று கரைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு விமானம் காது கிழிய உறுமிக்கொண்டு வந்து குட்டிக்கரணம் போட்டது. எங்கும் புகை, விளக்கெண்ணெய் வாடை.

கரையேறிப் பார்த்தான். ரிமோட்டும் கையுமாகச் சுஜிதா!

“எலெக்ட்ரிக்கா?” என்று சிரித்தாள். “நானும் மொத வருசம் அதுலதான் பழகுனேன்!”