திங்கட்கிழமை மனு

வேனில் ஏற வந்த அந்த அம்மாளைப் பார்த்ததும் கண்ணாயிரத்தின் முகம் கடுகடுவென்று மாறிவிட்டது.

தலை நரைத்து, உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது. ஆனால் அதே பார்வதம் நர்ஸ்தான். அந்த முகத்தை அவன் எப்படி மறப்பான்?

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஷேர் வேன் ஓட்டுகிறவன் கண்ணாயிரம். முன் சீட்டில் அவன் மகள் திவ்யா காலேஜ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாப்பா, வண்டிய எடுக்காம கண்ணாடியில மொறச்சிகினு கீற?"

"சின்னதுல உன்ன தொரத்தி வுட்ட மகராசி ஏறிகீது, பாரு."

"அந்த நர்ஸா?" திவ்யா திரும்பிப் பார்த்தாள். "வுடுப்பா, வயசானவங்க."

விடுகிற ஆளா கண்ணாயிரம்? வண்டி கிளம்பியதும், பின்னால் இருந்த பெரியவரிடம் பேசுகிற சாக்கில், கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"தொண்ணூத்தாறுல நடந்த கத சார். எம்பொண்ணு அப்ப ஒண்ணாவது. கடலைக் கொல்லையில வெளாடிகினு இருந்தவள விரியன் கடிச்சிடுச்சி. தூக்கிகினு கடலோரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் இல்ல, விஷத்துக்கு மருந்தும் இல்ல. ஒரு நர்ஸு மட்டும்தான் கீது. 'ஒரு ஊசியாச்சும் போடும்மா'ன்னு கால்ல வுழறேன். இன்னா சொல்லிச்சி தெரியுமா?"

பெரியவர் சீட்டு நுனிக்கு நகர்ந்து வந்தார்.

"'மருந்து இல்லன்னா இல்லதான்! செங்கல்பட்டுக்குத் தூக்கிகினு ஓடு! உன்னாட்டம் ஆளுங்க இங்க வந்து ஒப்பாரி வைக்கத்தான் லாயக்கு. ஆம்பளையா இருந்தா கலெக்டராண்ட போயி எம்மேல புகார் குடு, பாக்கலாம்!'னு கத்திச்சி சார். கழுத்தப் புடிச்சித் தள்ளாத கொறதான்."

"அடப்பாவமே! அவளும் ஒரு பொம்பளையா?" என்றார் பெரியவர்.

பார்வதம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாயிரத்துக்குத் திருப்தியாக இருந்தது.

"செங்கல்பட்டு போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்த வாயில ரத்தம். எப்படியோ பொழைக்க வெச்சிட்டாங்க. ஆனா எனக்கு ஆறல சார். போட்டேன் மனு!"

இந்த இடம் வந்தால் மட்டும் அவன் குரல் இளகிவிடும்.

திங்கட்கிழமை ஆனால் துவைத்த வேட்டி. பெண்டாட்டி கண்ணகி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. செங்கல்பட்டில் பஸ் மாறி, காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ். பட்டாவுக்கு அலைகிறவர், பென்ஷனுக்கு அலைகிறவர் என்று வாராவாரம் அதே முகங்கள். மரத்தடியில் ஒருத்தர் சோற்றை ஒருத்தர் பங்கு போட்டுத் தின்று, சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். முதல் வாரம் பேச நாக்கே எழவில்லை. போகப்போக, வாசலில் நிற்கும் டவாலியே, "பாம்புக்கடி வந்துட்டாரு, வழி வுடுங்க" என்று சொல்கிற அளவுக்கு ஆனது.

"ஒரு மழைக்காலம் பூரா அலைஞ்சேன். கடைசியில விசாரணை வெச்சாங்க. நர்ஸையும் கூப்ட்டு நிக்க வெச்சாங்க. 'இவரு சொல்றது அத்தினியும் நெசம், நான்தான் திட்டினேன்'னு ஒத்துகிச்சி. தூக்கி ராமநாதபுரம் பக்கம் போட்டாங்க. இன்னிக்கி எங்க கடலோரத்து ஆஸ்பத்திரியில எந்நேரமும் டாக்டர் கீறாரு, ஃப்ரிட்ஜுல மருந்து கீது. எங்க சுத்துப்பட்டுல எத்தினி உசுரு பொழைச்சிருக்கு! கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்ச ஆளு சார் நானு. அந்தத் திங்கக்கெழமைங்கள நெனச்சா இப்பவும் நெஞ்சு நிமிரும்."

திருக்கழுக்குன்றத்தில் பார்வதம் இறங்கினாள். நேரே முன்பக்கம் வந்தாள்.

சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கண்ணாயிரம் தயாரானான்.

அவளோ ஜன்னலுக்குள் கையை விட்டுத் திவ்யாவின் கன்னத்தைத் தடவினாள். "நீயா கண்ணு அது? நல்லா வளந்துட்டியேம்மா."

"இந்தக் கொஞ்சல அன்னிக்கிக் காட்டியிருக்கலாமே?" கண்ணாயிரம் வெடுக்கென்று கேட்டான்.

"காட்டிப் பாத்துட்டுதான்பா விட்டேன்." பார்வதம் பெருமூச்சு விட்டாள். "மருந்து வேணும், டாக்டர் வேணும்னு நானும் எத்தனையோ தடவை மேல கேட்டேன். வேலை பாக்கறவ கேட்டா யார் மதிக்கிறா? ஜனங்க போய் நின்னாத்தான் அசைவாங்க. 'நீங்களாவது போய்ச் சொல்லுங்க'ன்னு வந்தவங்ககிட்ட எல்லாம் கெஞ்சினேன். தலையை ஆட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. கெஞ்சினா போகாதவங்க, கோவம் வந்தாவது போவாங்களான்னுதான் வர்றவங்களைத் திட்ட ஆரம்பிச்சேன்."

கண்ணாயிரம் வண்டியை அணைத்தான்.

"வேலைக்கு ஆபத்துன்னு தெரியாதாம்மா?" என்றாள் திவ்யா.

"தெரியாம என்ன?" பார்வதம் சிரித்தாள். "உங்கப்பா முகத்தைப் பாத்ததுமே ரோஷக்காரர்னு தெரிஞ்சுபோச்சு. எங்கே இவரும் போகாம விட்டுடுவாரோன்னு, அவரை மட்டும் கொஞ்சம் கூடுதலாவே திட்டிட்டேன்!"