பட்டாவில் யார் பெயர்?

"காவ் மே ஜமீன் ஹை கியா?"

ஊரில் நிலம் இருக்கிறதா என்று தாசில்தார் ஆபீஸ் கிளார்க் தலை நிமிராமல் கேட்டார்.

"நஹி சாப்," என்றார் தாராவியில் தோல் பை தைக்கும் பேச்சிராஜா.

பக்கத்தில் நின்ற வானமாமலைக்குச் சுருக்கென்றது. செம்பூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், பேச்சிராஜாவின் ஊர்க்காரர். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். அது விழுந்தால்தான் வருமானச் சான்று. சான்று இருந்தால்தான் பேச்சிராஜாவின் மனைவி பூமாரிக்கு இலவசமாக இதய ஆபரேஷன்.

வானமாமலை கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பேச்சிராஜா பின்னாலேயே ஓடி வந்தார். "அண்ணாச்சி, என்னாச்சு?"

"குளத்தங்கரை வயலு யாருதுல? உங்க அய்யாவோட அறுபது சென்ட்டு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பேச்சிராஜா வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஏழைக்குன்னு அரசாங்கம் குடுக்கதைப் பொய் சொல்லி வாங்கினா, நெசமான ஏழை எங்க போவான்? பொஞ்சாதி உசுருன்னாலும் நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"வயலு இப்ப என் பேர்ல இல்ல அண்ணாச்சி. கரீம் பாட்சாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"எவ்வளவுக்கு?"

"சும்மாதான்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"இருவது வருசமா அவருதான் உழுதாரு. நாலு வருசம் முந்தி பேஞ்ச மழையில நெல்லு பூரா அழுகிப் போச்சு. பட்டா என் பேர்ல இருக்கப் போயி நிவாரணம் எனக்கு வந்துச்சு. பம்பாயில பை தைக்கிறவனுக்கு வெள்ள நிவாரணம்!"

"அந்தக் காசை அனுப்பி வச்சா முடிஞ்சுது. வயலை எதுக்குக் குடுக்கணும்?"

"அனுப்பினேன். ஆனா சொசைட்டிக் கடன், மானியம் எது கேட்டாலும் பட்டா எங்கேன்னுதான் அவர்கிட்ட கேக்காங்க. பூமாரிதான் சொன்னா, உழுறவருக்கே எழுதிருங்கன்னு."

"அப்ப அவளுக்கு இந்த வியாதி..."

"தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்ச பொறவும், வயலு இருந்தா வித்திருக்கலாமேன்னு ஒரு நாளும் சொல்லல."

வானமாமலை மறுபடி உள்ளே போனார். கையெழுத்துப் போட்டார்.

ஊரில் அவர் பெயரிலும் மூன்று ஏக்கர் இருந்தது. விவசாயிக்கென்று அரசாங்கம் போடும் பணமெல்லாம் தவறாமல் அவர் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அந்த நிலத்தை உழுகிறவரின் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தார்.

ஞாபகம் வரவில்லை.