இரண்டு தட்டுக்கும் ஒரே சாப்பாடு

சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் மேடையில் காத்து நின்றாள்.

அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். துறைத் தலைவர் சிரித்தார். மாணவர்கள் சிரித்தார்கள். அவளுடைய ஆய்வு நெறியாளர் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மறைப்புதான் அவளை அதிகம் சுட்டது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஞானதுரை கேட்டது இவ்வளவுதான்.

"கொழுப்பைத் தடுக்கிற புரதத்துக்காக அஞ்சு வருஷம் செலவழிச்சிருக்கீங்க, இசக்கி. கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தா ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காதே?"

இசக்கியின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ.

பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்த அன்றும் இதே சிரிப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் படியிறங்கிப் போகும்போதும் இதே சிரிப்பு. ஒவ்வொரு முறையும் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். அப்படிச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேர்வாளரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

அவள் கணினியில் படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நிறுத்தினாள்.

திரையில் இரண்டு வட்டத் தட்டுகள், ஆய்வகத்தில் செல் வளர்ப்பவை. இடது தட்டு வெளிறிக் கிடந்தது. வலது தட்டு முழுக்கச் சாயம் ஏற்றிய கொழுப்புத் துளிகள், சிவப்புச் சிவப்பாக.

"ரெண்டும் ஒரே எலியோட செல்லு, சார். ரெண்டு தட்டுக்கும் ஒரே சாப்பாடு. ஒரே அளவு. நான்தான் அளந்து ஊத்தினேன்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள்.

"'நீ கொழுப்பா மாறாதே'ன்னு ஒரு புரதம் செல்லுக்குச் சேதி சொல்லுது. வலது தட்டுல அந்தச் சேதியை மட்டும் தடுத்தேன். ஒரு சொட்டு கூட அதிகமா ஊத்தலை. இந்தத் தட்டு எதை அள்ளித் தின்னுச்சு, சார்? இது எந்த வாயைக் கட்டணும்?"

பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்லலை. சாப்பாடு மட்டும் இல்லைங்கேன். முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன். நீங்க படிச்சிட்டுத்தான் வந்திருப்பீங்க."

நெறியாளர் தரையைப் பார்த்தார்.

ஞானதுரை பேனாவின் மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் துறையின் பெரிய அறையில் எல்லோருக்கும் பிரியாணி. இம்மாதிரி விருந்துகளில் இசக்கி பசியில்லை என்று சொல்லிவிட்டு, அறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுவாள். இன்று எல்லோரும் பார்க்க நடுவில் உட்கார்ந்தாள். பெரிய கறித்துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

ஞானதுரை வந்து பக்கத்தில் நின்றார். கைபேசியை நீட்டினார்.

ஏதோ கல்யாணப் படம். குடும்பமே வரிசையாக நின்றது. கடைசியில் ஒரு பெண் பிள்ளை, யாருடைய முதுகுக்கோ பின்னால், முகம் மட்டும் தெரியும்படி ஒளிந்து நின்றாள்.

"என் மக. பிளஸ் டூ முடிச்சிட்டு வீட்ல இருக்கா." மேடைக்குக் கீழே இருந்து கேட்ட குரல் இல்லை இது. "இந்தப் புரதத்தை வச்சு மருந்து ஏதாவது வந்திருக்காம்மா?"

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"இன்னும் வரலை, சார். வீட்ல அவகிட்டயும் வாயைக் கட்டுன்னு சொல்லித்தான் சிரிப்பீங்களா?"

அவர் சாப்பிடாமலே வெளியே போனார்.

ஜன்னல் வழியே தெரிந்தது. வேப்பமரத்தடியில் கைபேசியைக் காதில் வைத்து நின்றார். முதலில் ஏதோ இரண்டு வார்த்தை பேசினார்.

பிறகு அவர் வாய் அசையவே இல்லை.

மர நிழல் மெல்ல விலகி, வெயில் அவர் தலைக்கு ஏறியது. அவர் நகரவில்லை. மறுமுனையில் மகள் இன்னும் பேசி முடிக்கவில்லை போலிருந்தது.